வாகைக்குளத்திலிருந்து ஹூப்ளிக்கு ஒன்றரை மணி நேரம்

என் மகளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்த செய்தி வந்தபோது நான் தொழுவில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். அவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷில் பஸ் போர்டுகளை எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தைக் கூட்டிப் படித்தேன். ஹூப்ளி என்று இருந்தது.

"எங்கனம்மா இருக்கு இது?"

"கர்நாடகாவுலப்பா, வடக்க. நம்ம திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்தே ரயில் போகுது. ஒரு நாள் ஆகும்."

சேரன்மகாதேவியில் எங்களுக்கு இரண்டு மாடுகளும் குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் வயலும்தான். அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு பசு வயிறு ஊதி, டாக்டர் வருவதற்குள் செத்துப்போனது. வீட்டில் எல்லோரும் அழுதோம். அவள் அழவில்லை. "டாக்டர் ஒருத்தரு எத்தனை ஊரைத்தான்ப்பா பாப்பாரு" என்றாள். அதற்குப் பிறகு அவள் வேறு எந்தப் படிப்பைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு கல்லூரியில் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதை அவள் எனக்கு இரண்டு முறை சொன்னாள். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ரயில். வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்து, சனி காலையில் கல்லூரிக்குப் போய்விடலாம். அம்மாவும் மகளும் போவதென்று முடிவாயிற்று. ஒரு மாடு நிறைமாதச் சினை, இன்றோ நாளையோ என்று நின்றது. நான் வீட்டில் இருந்துகொண்டேன்.

வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை ராகு காலம். அதற்கு முன்னால் வீட்டைவிட்டு இறங்க முடியாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உடல்தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடவே மதியம் ஒரு மணி ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். ராகு காலத்துக்குப் பிறகு இறங்கினால் ரயில் இருக்காது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரஸ்தானம் என்பார்கள். பயணத்தில் கொண்டுபோகும் பொருள் ஒன்றை நல்ல நேரத்திலேயே எடுத்துக்கொண்டு போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு, வெளியே போன பொருள் திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது.

சேலையோ துண்டோ வைத்தால் போதும். பெரும்பாலும் அப்படித்தான் வைப்பார்கள். நான்தான் கேட்கவில்லை.

"படிப்புக்குத்தானே போற? சான்றிதழ்தான் முதல்ல போகணும்" என்றேன்.

"அசல் எல்லாம் அதுலதாம்ப்பா இருக்கு. என் கையிலயே இருக்கட்டும்."

"ஒரு அரை நாளுதானேம்மா. போறப்போ நானே எடுத்துத் தாரேன்."

மஞ்சள் பையில் சான்றிதழ்க் கோப்பை வைத்து, மேலே வெற்றிலை பாக்கும் ஒரு துண்டு மஞ்சளும் போட்டு, காலை ஒன்பது மணிக்கு நானே கொண்டுபோனேன். எங்கள் தெருவின் கடைசி வீடு அண்ணாச்சியுடையது. பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், நாங்கள் தினமும் பால் ஊற்றுகிற வீடு. அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி கையைக் கழுவிவிட்டு வந்து பையை வாங்கி, பூஜை அறையில் வைத்தாள். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. அதை இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வந்து சேர ஒன்றேகால். சோறு அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஆட்டோ வந்தது. எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால், அண்ணாச்சி வீட்டுப் பக்கம் போகாமல் பின் தெரு வழியாகத் திருப்பினான். நான் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டியின் மூலை தொடையைக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வலி நினைவிருக்கிறது. பையை நினைக்கவே இல்லை. மகளின் கையில் புதிய உடல்தகுதிச் சான்று இருந்தது. அதை மடியாமல் பிடித்துக்கொண்டு வந்ததில் காகிதமெல்லாம் கையில் இருப்பதாகவே அவளுக்கும் தோன்றியிருக்கிறது. ஜங்ஷனில் வண்டி நகரும்போது நான் கையாட்டினேன். அவளும் இரண்டு கைகளாலும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. பால் கறந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அப்பா, மஞ்சப் பை உங்ககிட்டயா இருக்கு?"

செம்பில் பால் நுரை அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா?"

"அண்ணாச்சி வீட்டுல இருக்கும்மா."

அவள் அம்மா போனை வாங்கி, "என்ன சொல்லுதீங்க?" என்று கத்தினாள்.

அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. போன் போட்டேன். நாகஸ்வரச் சத்தத்துக்கு நடுவே அண்ணாச்சி பேசினார். வியாழன் சாயங்காலமே குடும்பத்தோடு திசையன்விளைக்கு வந்துவிட்டார்களாம். அவருடைய தங்கை மகளுக்கு அன்று கல்யாணம்.

"பையா? இங்கனதான்வே இருக்கு. உம்ம மதினிதான் எடுத்து கார்ல வச்சா. நீரு மறந்துட்டுப் போயிட்டீருன்னு அவளுக்குத் தெரியும். சும்மா அடையாளத்துக்கு வச்ச பைன்னு நெனச்சிட்டா. பூட்டுன வீட்டுல கெடக்கவும் கூடாது, உம்ம வீட்டுக்குத் திரும்பக் கொண்டாந்து தரவும் கூடாது. நாம போற பயணத்துல அதுவும் போகட்டும்னு எடுத்தாந்துட்டா."

மதினி செய்தது சரிதான். எங்கள் வழக்கப்படி அதுதான் முறை. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தம்பியைக் கூப்பிட்டு மாட்டை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். திருநெல்வேலியில் மாறி, திசையன்விளை போய் இறங்கும்போது மணி பன்னிரண்டரை. மண்டப வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். என் சட்டையில் பால் வாடை. உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. செருப்பு விடுகிற இடத்தில் நின்றேன். அண்ணாச்சி மேடையில் போட்டோவுக்கு நிற்பது தெரிந்தது. ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை மேடை ஏறியது. கூப்பிட வேண்டும் என்று தொண்டைவரைக்கும் வரும், நின்றுவிடும். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் எழும்பாது. அன்று என் பிள்ளையின் காரியம் என்பதுகூட அதை மாற்றவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றேன். பந்திக்கு ஆள் சேர்க்கிற ஒருவர் என் தோளைப் பிடித்து, "இங்கன நின்னா எப்படி? வாங்க, இலை காலியா இருக்கு" என்று தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார்.

சாம்பாருக்குச் சோறு பிசையும்போது அண்ணாச்சி வந்தார். கையில் மஞ்சள் பை.

"நல்லா சாப்பிடும்வே. இந்தா உம்ம பை. முகத்த ஏன் இப்படி வச்சிருக்கீரு?"

விஷயத்தைச் சொன்னேன். நாளை ஐந்து மணிக்குள் இது ஹூப்ளியில் இருக்க வேண்டும். சாயங்காலம் பெங்களூர் பஸ் ஏறினால் விடியக்காலம் அங்கே, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பார்க்கிறேன் என்றேன்.

"பஸ்ஸா? கிறுக்கா வே உமக்கு? ஏரோப்ளேன் எதுக்கு இருக்கு?" என்று அண்ணாச்சி போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார். "தூத்துக்குடி ஏர்போர்ட் டு ஹூப்ளி ஏர்போர்ட். எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?"

போன் யோசித்துவிட்டுச் சொன்னது. எண்ணூற்று மூன்று கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி முப்பத்தொரு நிமிடம்.

பக்கத்து இலைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒன்ற மணி நேரமா? நான் தின்னவேலியில இருந்து இங்க வரவே ரெண்டு மணி நேரம் ஆச்சேய்யா."

"அதைத்தான் சொல்லுதேன். இவரு பஸ்ஸுல போறாராம், பஸ்ஸுல!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் எடுத்ததுபோல இருந்தது. "நாளைக்குக் காலையில மெள்ள எந்திரிச்சு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, வாகைக்குளம் போயி ஏறும்வே. மத்தியானச் சாப்பாட்டுக்கு மக கூட இருப்பீரு. ஏலே, இங்க பாயசம் ஊத்து!"

தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வேலிக்கு உள்ளே சின்ன விமானங்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தாம்பூலப் பையிலிருந்த ஒரு காகிதத்தின் பின்புறம் 803 என்றும் 1.31 என்றும் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ் சிக்னலில் நின்றது. மணி ஐந்தேகால். பக்கத்தில் ஒரு பெரிய பஸ், முன்னால் பெங்களூர் என்று விளக்கு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் கீழே நின்று, "பெங்களூர், பெங்களூர், ரெண்டு சீட்டு இருக்கு" என்று கூவினான். பை என் மடியில் இருந்தது. இறங்கினால் பத்தடி. விடிய விடிய உட்கார்ந்தே போகிற சனங்களை நினைத்துப் பாவமாக இருந்தது எனக்கு. அப்படித்தான் நினைத்தேன்.

பஸ் நகர்ந்த பிறகு மகளுக்குப் போன் செய்தேன். அவர்கள் ஹூப்ளியில் ஒரு லாட்ஜில் இறங்கியிருந்தார்கள்.

"பை கெடச்சாச்சும்மா. நாளைக்கு ப்ளேன்ல வாரேன். ஒன்ற மணி நேரம்தான்."

"ப்ளேன்லயா? டிக்கெட் போட்டாச்சாப்பா? எத்தனை மணிக்கு?"

எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாது. டிக்கெட்டை முன்னாலேயே எடுக்க வேண்டும் என்பதும் தெரியாது. தெரியாது என்று மகளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"எல்லாம் அண்ணாச்சி பாத்துக்கிட்டாரு. காலையில கெளம்புது" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்ப சரிப்பா. நான் காலேஜ்ல சொல்லிருதேன்." அவளுடைய போனில் அவளே பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் சொன்னதை நம்பிப் பார்க்காமல் விட்டாள்.

சனிக்கிழமை ஏழரைக்கு வாகைக்குளத்தில் இறங்கிவிட்டேன். ரோட்டிலிருந்து உள்ளே நடந்தேன். வாசலில் துப்பாக்கி வைத்திருந்தவர் டிக்கெட் கேட்டார். உள்ளே போய் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. கையால் ஒரு கண்ணாடி ஜன்னலைக் காட்டினார். அது மூடியிருந்தது. எப்போது திறக்கும் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் வேகமாகப் போனார்கள். ஜன்னலுக்கு எதிரே தூணோரம் நின்றேன். எட்டரை, ஒன்பது. ஒன்பதரைக்கு ஒரு பெண் வந்து திறந்தாள். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும்.

"ஹூப்ளிக்கு ஒரு டிக்கெட்" என்றேன்.

"இங்க இருந்து ஹூப்ளிக்கு ஃபிளைட் இல்லையே, சார்."

"இன்னைக்கு இல்லையா?"

"என்னைக்குமே இல்ல சார். பெங்களூர் போய் மாறணும்."

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே நீட்டினேன். அவள் விரித்துப் பார்த்தாள்.

"ஒன்ற மணி நேரம்னு போன்ல சொல்லிச்சும்மா."

"அது ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நேரா கோடு போட்டு அளக்கிறது சார். ஒரு ஃபிளைட் நேரா பறந்தா இவ்வளவு நேரம்னு கணக்கு. ஃபிளைட் இருக்குன்னு அர்த்தம் இல்ல." அவள் கடுமையாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "எத்தனை மணிக்குள்ள போகணும்?"

"அஞ்சு."

அவள் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்தாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் பன்னிரண்டரைக்குப் பெங்களூர் விமானம். அது இரண்டேகாலுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து ஹூப்ளிக்கு அடுத்தது நாலே முக்காலுக்கு. இறங்கும்போது ஆறு.

"வேற ஏதாவது?" என்றேன். வேறு என்ன என்று எனக்கே தெரியவில்லை.

"இதுதான் சார் முதல்ல போறது. நேத்து ராத்திரி பஸ்ல போயிருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

டிக்கெட்டைப் போடச் சொன்னேன். மகளின் விடுதிக்கென்று வைத்திருந்த பணத்தைக் கொடுத்தேன். பிறகு தூணுக்குப் பின்னால் போய் நின்று மகளுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கெட் விஷயத்தில் பொய் சொன்னதை மட்டும் அப்போது சொல்லவில்லை.



"எம்மா..."

"நீங்க வாங்கப்பா. நான் பேசிப் பாக்கேன். ஒண்ணு ரெண்டு குறைஞ்சா எழுதிக் குடுத்து வாங்கிக்கிடுவாங்களாம். எனக்கு எதுவுமே இல்ல. டி.சி.யோட அசல் கையில வேணும்னு சொல்லுதாங்க. நீங்க வாங்க."

சோதனை செய்கிற இடத்தில் மஞ்சள் பையை விரித்தார்கள். வாடிய வெற்றிலையையும் மஞ்சள் துண்டையும் ஒருவர் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பக்கத்து ஆளிடம் காட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். "சாமி" என்றேன். திரும்பப் போட்டுக் கொடுத்தார்கள்.

விமானத்தில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மேலே ஏறித் திரும்பியபோது கீழே செம்மண்ணும் பனைகளும், தள்ளி ஓரிடத்தில் ஆறும் அதன் இரண்டு கரையிலும் வாழைத் தோட்டங்களின் பச்சையும் தெரிந்தன. எத்தனையோ நாள் வரப்பில் நின்று தலைக்கு மேலே போகிற விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஏற வேண்டும் என்று ஆசைகூட இருந்தது. அன்று ஏறினேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரின் கைக்கடிகாரத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர் வேண்டுமா என்று வந்து கேட்டார்கள். தாகம்தான், ஆனால் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

பெங்களூர் விமான நிலையம் எங்கள் ஊரைவிடப் பெரிது. எங்கே போவது என்று தெரியாமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நான் மூன்றாம் முறை கடந்தபோது, "எங்க போணும்ணா?" என்று தமிழில் கேட்டாள். டிக்கெட்டை நீட்டினேன். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூடவே வந்து சரியான வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

அங்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. ஓட வேண்டிய நேரத்தில், குளிர்ந்த ஒரு இடத்தில், மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. வண்ணார்பேட்டையில் அந்தப் பஸ்ஸில் ஏறியிருந்தால் காலை ஆறு மணிக்குப் பெங்களூர். ஏழு மணிக்கு இன்னொரு பஸ். மதியம் மூன்று மணிக்கு மகளின் கையில் பை. எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் அதே விடைதான் வந்தது. அந்த ஆள் கூவியது காதிலேயே இருந்தது. ரெண்டு சீட்டு இருக்கு.

நாலேகாலுக்கு விமானம் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்றுகொண்டே போன் செய்தேன்.

"அப்பா, இங்க இருக்கிற மேடம் ஆறு மணி வரைக்கும் இருக்கேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல கம்ப்யூட்டர்லயே மூடிருமாம். வெயிட்டிங் லிஸ்ட்டுல உள்ள ஒரு பொண்ணும் வந்து உக்காந்திருக்கா."

"ஆறுக்கு எறங்கிருவேம்மா."

"எறங்கினதும் ஓடி வாங்கப்பா" என்றாள். ஏர்போர்ட்டிலிருந்து கல்லூரிக்கு இருபது கிலோமீட்டர் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவருமே அதைச் சொல்லவில்லை.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சக்கரம் தரையைத் தொட்டது. டாக்சிக்காரரிடம் மகள் அனுப்பியிருந்த கல்லூரிப் பெயரைக் காட்டி, கையால் வேகம் வேகம் என்று காட்டினேன். அவர் நல்ல மனிதர். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மகளுக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. ஆறே கால் ஆயிற்று. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் போடவில்லை. வண்டியை மெதுவாக ஓட்டுங்கள் என்று சொல்லிவிடலாம்போல இருந்தது.

கல்லூரி வராந்தாவில் விளக்குப் போட்டிருந்தார்கள். என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே ஒரு அம்மா மேசை மேலிருந்த காகிதங்களை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னையும் பையையும் பார்த்தார். வெளியே வந்து மகளிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மகள் தலையாட்டினாள். ஆறு மணிக்கு முடிந்துவிட்டது என்று எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்காக ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைத்திருந்தவர் அவர்.

பெஞ்சின் அந்த முனையில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பக்கத்தில் அவள் அப்பா, ஒல்லியான ஆள், வெள்ளைத் தொப்பி, மண் படிந்த செருப்பு, மடியில் ஒரு துணிப் பை. அவரும் என்னைப்போல மாடு வைத்திருப்பவராகத்தான் இருக்கும். காலையிலிருந்து அவர் அங்கே காத்திருந்தது நான் வராமல் இருப்பதற்காக. அவர் எழுந்து என்னிடம் வந்தார். கன்னடத்தில் என்னவோ சொன்னார், பாதியில் நிறுத்தினார். என் கையை எடுத்து இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. வரவில்லை.

மகள் என்னிடமிருந்து பையை வாங்கினாள். கோப்பைத் திறந்து, விரலை எச்சில் தொட்டு, ஒவ்வொரு சான்றிதழாகப் புரட்டினாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ், டி.சி. கடைசிவரைக்கும் பார்த்துவிட்டு மூடினாள்.

"எல்லாம் இருக்குப்பா" என்றாள்.

மறுநாள் எங்கள் ஊர் ரயில் கிடையாது. பெங்களூர் போய், மாறி, இரண்டு நாளில் வந்தோம். வழியில் அவள் அம்மா தூங்கும்போது, டிக்கெட் எடுத்தாச்சு என்று சொன்னது பொய் என்று மகளிடம் சொன்னேன்.

"தெரியும்ப்பா. நானும் ஒரு தடவ பாத்திருக்கலாம்" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

திண்டுக்கல் தாண்டும்போது தம்பி போன் செய்தான். மாடு ஈன்றுவிட்டதாம், கிடேரிக் கன்று. நல்லது என்று சொல்லி வைக்கப் போனேன். மகள் என் முழங்கையைத் தொட்டாள்.

"நஞ்சுக்கொடி விழுந்திருச்சான்னு கேளுங்கப்பா. எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு கேளுங்க."

கேட்டேன். விழுந்துவிட்டது என்றான். அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் வெளியே பார்த்தாள். நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

சேரன்மகாதேவியில் வந்து இறங்கியபோது காலை பத்து மணி. குழாய் பதித்து முடித்து மண்ணை மூடியிருந்தார்கள். ஆட்டோ எங்கள் தெரு வழியாகவே வந்தது. கடையில் சாமான் கட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையில் சணல் உருண்டை. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அம்மாவும் மகளும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் ஆட்டோக்காரனை அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தேன். கையில் மஞ்சள் பை. படியில் காலை வைத்தவன் நின்றுவிட்டேன். நல்ல நேரம் பார்த்து நானே வெளியே கொண்டுபோய் வைத்த பை. திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாத பை. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அண்ணாச்சி வீட்டுக்குப் போக முடியாது. தொழுவில் வைக்க முடியாது. அந்தப் பைக்குள்தான் அவள் பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பு இருக்கிறது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, எதிர்வீட்டில் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

மகள் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். நான் ஏன் நிற்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. படியிறங்கி வந்து என் கையிலிருந்து பையை வாங்கினாள். வெற்றிலையையும் மஞ்சளையும் எடுத்து வேப்பமரத்தடியில் போட்டாள். பையோடு படியேறி உள்ளே போனாள்.

"வெயில்ல நிக்காதீங்கப்பா. உள்ள வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.